பாட்டி வீடு குழு: பிப்ரவரி 3

மாமா: 📷 படம்
மாமா: வந்து சேந்துட்டோம். இந்தப் பெரிய கறுப்பு மூக்குக்கண்ணாடிதான் அடையாளம். ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹோலி போட்டுக்கிட்டிருந்த மாதிரி செஞ்சு நிறுத்தியிருக்காங்க. இனி வேலியோரமா நடை.

அம்மா: அயோவா குளிர்ல வயக்காட்டுக்கா? புள்ளையையும் கூட்டிட்டா போயிருக்க?

மாமா: அவதான்க்கா வர்றேன்னா. காதெல்லாம் மூடியிருக்கு. இந்தத் தேதிக்கு வராம வேற என்னிக்கு வர்றது.

பாட்டி: யாருடா அது, இவ்ளோ தூரம் போற?

மாமா: ரிச்சி வாலன்ஸ்மா. லா பாம்பா! 87ல நம்ம டேப் ரெக்கார்டர்ல தேய விட்டேனே.

பாட்டி: அந்தப் பாம்புப் பாட்டா 😄

மாமா: அதேதான். அந்தக் கேசட்ல பாடினது லோஸ் லோபோஸ். அதுக்கு முன்னாடி, 1958லயே இவன் பாடிட்டான். முழுப்பேர் ரிச்சர்ட் வாலன்சுவேலா. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பக்கோய்மா ஊரு, மெக்சிகோ வம்சம். ரேடியோக்காரங்களுக்காகப் பேரை வெட்டிட்டாங்க. எனக்கு அது இன்னும் ஆறல.

நான்: ஸ்பானிஷ் பாட்டுதானே மாமா?

மாமா: வெராக்ரூஸ் பக்கம் கல்யாணத்துல ஆடிப் பாடுற பழைய பாட்டு. ஆனா இவன் வீட்ல பேசி வளந்தது இங்கிலீஷ். ஸ்பானிஷ் சரளமா வராது. வார்த்தை வார்த்தையா உச்சரிப்பு கத்துக்கிட்டு, எலக்ட்ரிக் கிட்டாரை வச்சு ராக் அண்ட் ரோலா அடிச்சான். அந்த ஆரம்ப கிட்டார் சுழற்சி வந்தா எனக்கு இப்பவும் புல்லரிக்கும்.

அம்மா: நம்ம குட்டி திருப்புகழை இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுப் பாடுறாளே, அது மாதிரி.

மாமா: அதேதான்க்கா. அவகிட்ட இவன் கதையைத்தான் சொல்லுவேன்.

மாமா: 📷 படம்
மாமா: இதான் இடம். இரும்புல ஒரு கிட்டாரு, மூணு இசைத்தட்டு. யாரோ தட்டு மேல சில்லறைக் காசு வச்சிருக்காங்க, உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. சுத்தி அறுத்த மக்காச்சோளக் கட்டைங்க பனிக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கு.

நான்: என்ன ஆச்சு அவருக்கு?

மாமா: இவனும் மத்த பாடகருங்களும் கச்சேரிக்காக, ஹீட்டர் கெட்டுப்போன பஸ்ல ஊர் ஊரா போயிருக்காங்க. ட்ரம்மருக்குப் பனியில காலே வெறைச்சு ஆஸ்பத்திரி. இங்க பக்கத்து ஊரு கிளியர் லேக்ல கச்சேரி முடிஞ்சதும் சின்ன விமானம் ஒண்ணு பேசினாங்க. கடைசி சீட்டுக்குக் காசு சுண்டினாங்க, இவன் ஜெயிச்சான். கிளம்பின கொஞ்ச நேரத்துல இங்க விழுந்துருச்சு. பட்டி ஹோலி, பிக் பாப்பர்னு இன்னொரு பாடகர், பைலட், இவன். 4 பேரும் போயிட்டாங்க. 1959, பிப்ரவரி 3.

பாட்டி: அவனுக்கு என்ன வயசு?

மாமா: 17மா.

பாட்டி: ஐயோ. பெத்தவ எப்படித் தாங்கினாளோ.

மாமா: 🎤 குரல் பதிவு 0:41
மாமா: குட்டி இங்க நின்னு லா பாம்பா பாடினா. கேளு.

பாட்டி: காத்து சத்தம்தான்டா கேக்குது.

மாமா: கார்ல போய் கண்ணாடி ஏத்திட்டுத் திரும்பப் பாடச் சொல்றேன். தூங்கிடாதம்மா.