இரண்டாண்டு வெளிநாட்டு வாசம்: வீட்டைப் பூட்டிவைப்பதா, வாடகைக்கு விடுவதா?

வாசல்விளக்கு:

என் கணவருக்குப் பணி நிமித்தமாக இரண்டாண்டு காலத்துக்கு வெளிநாட்டு மாற்றல் வந்துள்ளது. பதின்மூன்று வயது மகனும் ஏழு வயது மகளும் எங்களுடன் வருகிறார்கள். புறப்பட இன்னும் 14 வாரங்கள் இருக்கின்றன. சொந்த வீட்டை என்ன செய்வது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. வாடகைக்கு விடலாம் என்கிறார் அவர். பூட்டிவிட்டுப் போவதே முறை என்பது என் எண்ணம்.

நாங்கள் ஒரேயடியாகக் குடிபெயரவில்லை. திரும்பி வருவதற்காகவே போகிறோம். பள்ளி, மொழி, நண்பர்கள் என எல்லாமே ஒரே நாளில் மாறிப்போகும் பிள்ளைகளுக்கு, தங்கள் அறையாவது அப்படியே காத்திருக்கிறது என்ற தைரியம் வேண்டும் என்று நினைக்கிறேன். என் மகள் கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, 'இது எங்கேயும் போகாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அந்தப் பெட்டியை அகற்றிவிட்டு அந்த அறையை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாற்றுக் கருத்துடையவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

கூரைக்காவல்:

உங்கள் கணவர் சொல்வதே சரி. நாங்கள் 19 மாதங்கள் வீட்டைப் பூட்டிவைத்துவிட்டுத் திரும்பியவர்கள். கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் முகத்தில் அறைந்தது. குளியலறையிலும் சமையலறைத் தொட்டியிலும் கழிவுக் குழாய் வளைந்து செல்லும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றும் பூச்சிகளும் மேலே ஏறிவராமல் தடுக்கிறது. யாரும் குழாயைத் திறக்காத வீட்டில் அது நாளடைவில் வற்றிவிடும். ஃப்ரிட்ஜைத் துடைத்து, மின்சாரத்தையும் துண்டித்திருந்தோம், ஆனால் அதன் கதவைச் சாத்திவிட்டோம். கதவோரத்து ரப்பர் பட்டை முழுவதும் கறுப்புப் பூஞ்சை படர்ந்து, எத்தனை முறை கழுவியும் வாடை போகாமல் கடைசியில் தூக்கி எறிந்தோம். தொட்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாய் ஒழுகிய நீரில் அலமாரிப் பலகை உப்பி, கை வைத்தால் உதிர்ந்தது.

காப்பீட்டு ஒப்பந்தத்தையும் வரி வரியாகப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில், வீடு தொடர்ச்சியாக 30 நாட்களுக்கோ 60 நாட்களுக்கோ மேல் ஆளின்றி இருந்தால், தண்ணீர்க் கசிவு, திருட்டு போன்றவற்றுக்கான பாதுகாப்பு குறைந்துவிடும் அல்லது அடியோடு நின்றுவிடும். இரண்டு ஆண்டுகள் மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, தேவைப்படும் நாளில் வெறுங்கையுடன் நிற்க வேண்டியிருக்கும். ஒரு குடும்பம் புழங்கும் வீட்டில் கசிவு அன்றைக்கே கண்ணில் படும்.

வாசல்விளக்கு:

நீங்கள் பட்ட சிரமத்தை மதிக்கிறேன், ஆனால் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் பூட்டியதால் வந்ததன்று, பூட்டும் முன் செய்யவேண்டியதைச் செய்யாததால் வந்தது என்றே எனக்குப் படுகிறது. வீட்டுக்குள் தண்ணீர் வரும் முதன்மை வால்வை மூடலாம். ஃப்ரிட்ஜ் கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு துண்டை மடித்து இடையில் வைக்கலாம். என் தங்கை அரைமணி நேரத் தொலைவில்தான் இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கொரு முறை வந்து, வால்வைத் திறந்து எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் விட்டு, ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தந்துவிட்டு, மறுபடியும் மூடிவிட்டுப் போவாள்.

வாடகைக்கு விட்டால் வரும் ஆபத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இத்தகைய பணிகள் பாதியில் முடிவதுண்டு. எட்டாவது மாதத்தில் திரும்பி வர நேர்ந்தால், எங்கள் வீட்டில் இன்னொரு குடும்பம் முறையான ஒப்பந்தத்துடன் இருக்கும். அவர்களை எழுப்பவும் முடியாது, எழுப்புவது நியாயமும் ஆகாது.

சாவி என்னிடம்:

இந்த விவாதத்தில் இதுவரை பேசாத தரப்பிலிருந்து எழுதுகிறேன். வெளிநாடு சென்ற என் அண்ணன் குடும்பத்தின் வீட்டுச் சாவியை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தவள் நான். புறப்படும் நாள் காலையில், வாசலில் வண்டி நிற்க, 23 சாவிகள் கோத்த ஒரு வளையத்தை அண்ணி என் கையில் கொடுத்தார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. மொட்டைமாடிக் கதவின் சாவியைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

அவர்கள் பழைய கைப்பேசியையும் என்னிடமே விட்டுச் சென்றார்கள், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால். அவர்களுக்குப் பகல் என்றால் எனக்கு நள்ளிரவு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஆறு இலக்கங்களைப் படித்துச் சொல்லிவிட்டுப் படுப்பேன். இரண்டாம் ஆண்டில் சுவருக்குள் குழாய் வெடித்தபோது காப்பீட்டு நிறுவனத்தார் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் யார்?" என்பது. என் பெயரில் எழுத்து வடிவில் எந்த அதிகாரமும் இல்லாததால், அண்ணனின் கையெழுத்து வந்து சேரும் வரை பதினொரு நாட்கள் சுவர் ஈரத்துடனேயே இருந்தது.

வாசல்விளக்கு அவர்களே, தங்கை வருவார் என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை என்றால் இரண்டு ஆண்டில் 52 முறை. அவரிடம் கேட்டீர்களா?

கூரைக்காவல்:

இதனால்தான் வாடகை என்கிறேன். சம்பளத்துக்கு வீட்டைப் பராமரிக்கும் ஒருவரை அமர்த்தி, வாடகையிலிருந்தே அவருக்குக் கொடுத்துவிட்டால், உறவின் மேல் இந்தச் சுமை விழாது. முன்கூட்டியே திரும்ப நேர்ந்தால் என்ன செய்வது என்ற கவலைக்கு, முதலில் ஓராண்டுக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டுப் பிறகு நீட்டிக்கலாம். வீட்டைச் சொந்தக்காரர் காலிசெய்யச் சொல்வதற்கான விதிகள் இடத்துக்கு இடம் மாறுபடும். கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆவணப்பை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மீதமுள்ள 14 வாரங்களை வீட்டைப் பற்றிய பேச்சிலேயே செலவிடுகிறீர்கள் என்பதுதான் என் மறுப்பு. வீட்டைக் கடைசி மாதத்தில்கூடத் தீர்மானிக்கலாம், ஆவணங்களை அப்படித் தள்ளிப்போட முடியாது. பல நாடுகள் கடவுச்சீட்டு மேலும் ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. பிள்ளைகளின் கடவுச்சீட்டோ பெரியவர்களுடையதைவிடக் குறுகிய காலத்துக்கே பெரும்பாலும் வழங்கப்படுகிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் உங்கள் திருமணச் சான்றிதழுக்கும், அவற்றிலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை தேவைப்படலாம். 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி அம்முத்திரையை ஆவணம் வழங்கிய நாடுதான் இடமுடியும். மறந்துபோனால், அங்கிருந்துகொண்டு இங்கே ஒருவரை அலையவைப்பீர்கள்.

தடுப்பூசிப் பதிவுகள் இல்லாமல் பிள்ளைகளைச் சேர்க்காத பள்ளிகள் உண்டு. வழக்கமாக உட்கொள்ளும் மருந்து இருந்தால், வணிகப் பெயருடன் வேதிப் பெயரையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து அங்கே கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கக்கூடும், கோடீன் கலந்த இருமல் மருந்து அதற்கு நல்ல உதாரணம்.

சாவி என்னிடம்:

ஆவணப்பை அவர்கள் சொல்வது உண்மை, ஆனால் அவர் வீட்டையும் ஆவணத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதை ஏற்கமாட்டேன். அண்ணன் மகளின் மதிப்பெண் சான்றிதழ் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. அந்த அலமாரியின் சாவி மட்டும் அவர்களுடன் விமானம் ஏறிவிட்டது. உங்கள் சார்பில் செயல்பட இங்கே ஒருவருக்கு எழுதித்தரும் அதிகாரப் பத்திரமும் ஓர் ஆவணம்தான். என்னென்ன செய்யலாம், எந்தத் தேதி வரை என்று அளவோடு எழுதி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

வாசல்விளக்கு:

நேற்று மாலை தங்கையிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, ஆறு மாதம் என்றால் செய்வேன், இரண்டு வருடம் என்னால் ஆகாது" என்றாள். நான் கேட்காமலே எழுதியது தவறு. வாடகைக்கு விடச் சம்மதித்துவிட்டேன். ஆனால் பிள்ளைகளின் அறையை மட்டும் பூட்டி வைத்துக்கொள்வேன்.

கூரைக்காவல்:

அதை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாடகைதாரர் வீட்டுக்குள் ஒரு பூட்டிய அறை என்றால், அதன் சுவரில் ஈரம் வந்தாலும் யாருக்கும் தெரியாது. நீங்கள் தவிர்க்க நினைத்த ஆளில்லாத வீட்டை ஓர் அறை அளவில் மறுபடியும் உண்டாக்குகிறீர்கள். உடைமைகளை வெளியே ஓரிடத்தில் வையுங்கள். வாடகைக்கு விடுவதையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வாசல்விளக்கு:

அறை விஷயத்தில் எனக்கு இன்னும் முழு ஒப்புதல் இல்லை, இருந்தாலும் ஈரத்தைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. மகளிடம் பேசினோம். பெட்டி சித்தி வீட்டுக்குப் போகலாம், ஆனால் தானே கொண்டுபோய் வைக்கவேண்டும், பெட்டியை யாரும் திறக்கக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் விதித்திருக்கிறாள். நாங்கள் புறப்படும் நாளுக்கும் வாடகைதாரர் குடிவரும் நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி விடலாம்?

சாவி என்னிடம்:

நீங்கள் ஊரில் இருக்கும்போதே அவர்கள் குடிவரட்டும். ஒரு வாரம் முன்னதாக வீட்டைக் காலிசெய்துவிட்டுத் தங்கை வீட்டில் தங்குங்கள். முதல் வாரத்தில்தான் எந்த விளக்குக்கு எந்த சுவிட்ச், எந்தக் கதவை எப்படித் தூக்கிச் சாத்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.