மின்சாமான் கடை: முகநூல் விளம்பரத்துக்கு விருப்பக்குறி விழுகிறது, வயரிங் வேலைக்காரர்கள் வருவதில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி: மின்சாமான் கடை, பழைய சோனகத் தெரு

வணக்கம். கொழும்பு, புறக்கோட்டையில் எங்கள் குடும்பம் மின்சாமான் மொத்த வியாபாரம் செய்கிறது. வயர், பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது), டிபி பெட்டி (இவை பொருத்தப்படும் மின்பகிர்வுப் பெட்டி) ஆகியவையே முதன்மைச் சரக்கு. கடைக்கு நேரில் வரும் வயரிங் பாஸ்மாரையும் சிறிய ஒப்பந்தக்காரரையும் நம்பித்தான் இதுவரை வியாபாரம் நடந்தது. இப்போது அவர்களில் பலர் வேலைத்தளத்தில் நின்றபடியே தொலைபேசியில் சொல்லிச் சாமானை எடுப்பித்துக் கொள்வதால், கடையில் புதிய முகங்களைக் காண்பது குறைந்துவிட்டது.

ஆகவே முகநூலில் பக்கம் தொடங்கி, அலங்கார விளக்குகளின் படங்களை இட்டு, ‘பூஸ்ட்’ பொத்தான் வழியாகப் பணம் செலுத்தி விளம்பரம் செய்கிறோம். விருப்பக்குறிகள் நிறைய விழுகின்றன. விசாரிப்பவர்களோ வீட்டுக்கு ஒரேயொரு விளக்குத் தேடுபவர்களாகவே இருக்கிறார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு வட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் விலை விபரம் அனுப்பினால், பலருக்கு அது போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு நின்றுவிடுகிறது. இதற்கிடையில், வயரிங் வேலைக்காரர்களின் தொலைபேசி எண்கள் அடங்கிய பட்டியலொன்றை விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: விளம்பரக் கணக்குகள் பார்ப்பவர், பம்பலப்பிட்டி

முதலில் வட்ஸ்அப் சிக்கலைத் தீர்த்துவிடலாம், அது எளிது. ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். நீங்கள் அவருடைய எண்ணைச் சேமித்திருப்பது போதாது. சிட்டை எழுதும் நேரத்திலேயே, “எங்கள் எண்ணைக் கடைப் பெயரில் சேமித்துக் கொள்ளுங்கள், விலை மாறும்போது அறிவிக்கிறோம்” என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும் என்பதால், வயரிங் வேலைக்காரர், ஒப்பந்தக்காரர், சிறு கடைக்காரர் எனப் பிரித்து வைப்பது நல்லது.

விளம்பரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் இடும் படம்தான் யார் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. அலங்கார விளக்கைக் காட்டினால் வீட்டுக்காரர்தான் நின்று பார்ப்பார். அவர் விருப்பக்குறி இட இட, அவரைப் போன்றவர்களுக்கே விளம்பரம் மேலும் காட்டப்படும். பூஸ்ட் பொத்தானை விட்டுவிட்டு முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ‘விளம்பர முகாமையாளர்’ (Ads Manager) என்ற பக்கத்துக்குச் சென்று, வட்ஸ்அப் உரையாடலைத் தொடங்கச் செய்யும் விளம்பரமாக அமையுங்கள். இதுவரை உங்களிடம் வாங்கிய தொழிலாளர்களின் எண்களை, அவர்களின் சம்மதத்தோடு, முன்னாலுள்ள 0 ஐ நீக்கி நாட்டுக் குறியீடான 94 சேர்த்துப் பட்டியலாக ஏற்றினால், அவர்களை ஒத்த புதியவர்களைத் தேடும்படி அமைக்க முடியும். அதற்கு மூலப் பட்டியலில் ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது கணக்குகளோடு பொருந்த வேண்டும். கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

விலைக்கு வரும் பட்டியலை வாங்க வேண்டாம். அதில் உள்ளவர்கள் உங்களிடமிருந்து செய்தி பெறச் சம்மதித்தவர்கள் அல்லர். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விளம்பரச் செய்திகளுக்குச் சம்மதத்தை அடிப்படையாகக் கொள்கிறது. அத்துடன், பெறுபவர்கள் முறைப்பாடு செய்தால் கடையின் வட்ஸ்அப் எண்ணே முடக்கப்படலாம். பல ஆண்டு வாடிக்கை அந்த ஓர் எண்ணில்தானே இருக்கிறது.

பதில்: வயரிங் ஒப்பந்தக்காரர், வத்தளை

தம்பி, வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில், வானுக்காகக் காத்திருக்கும்போதோ தேநீர்க் கடையில் நிற்கும்போதோதான் நாங்கள் தொலைபேசியைப் பார்க்கிறோம். அதன்பின் மாலைதான். நண்பகலில் விளம்பரம் வந்தால் கையில் இடுக்கி இருக்கும், யார் பார்ப்பது?

அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்படுவது, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர்ச் சுருள் இன்று என்ன விலை, கையிருப்பு உண்டா, கொலன்னாவைத் தளத்துக்குப் பத்து மணிக்குள் அனுப்புவீர்களா என்ற மூன்றுக்கும் பதில். இந்த மூன்றும் எழுதிய ஒரு சாதாரணப் படம், அழகான விளக்குப் படத்தைவிட எனக்குப் பெறுமதியானது. வயர் விலை அடிக்கடி மாறுவதால், எந்தத் திகதி வரை அந்த விலை செல்லும் என்பதையும் எழுதுங்கள். வீட்டுக்காரருக்கு மதிப்பீடு கொடுப்பவர் நாங்கள். நடுவில் விலை ஏறினால் எங்கள் கையிலிருந்துதான் போகும்.

இன்னொன்று. விளம்பரத்தை ஆங்கிலத்தில் மட்டும் போடாதீர்கள். என்னோடு வேலை செய்பவர்களில் மலையகத்திலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளும் கம்பஹாவிலிருந்து வரும் சிங்களவர்களும் இருக்கிறார்கள். தமிழிலும் சிங்களத்திலும் தனித்தனியாகப் போடுங்கள்.

காணொளி எடுப்பதாயிருந்தால் எங்கள் தலைவலியை எடுங்கள். ஒரு டிபி பெட்டியில் இரண்டு ட்ரிப் சுவிட்ச் பொருத்தி, இரண்டு பக்கத்து நியூட்ரல் கம்பிகளும் ஒரே நியூட்ரல் கட்டையில் கலந்துவிட்டால், எந்தச் சாமானிலும் பழுதில்லாமலேயே சுவிட்ச் விழுந்துகொண்டிருக்கும். புதுப் பையன்கள் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒரு நாள் முழுவதும் மண்டையை உடைத்துக் கொள்வார்கள். பெட்டியைத் திறந்து, இரண்டு நியூட்ரல் கட்டைகளையும் பிரித்துக் காட்டி, ஒரு நிமிடத்தில் முடியுங்கள். அப்படிப்பட்ட காணொளியை நாங்களே எங்கள் குழுக்களில் பகிர்வோம், உங்கள் கடைப் பெயரும் அதனோடு போகும். உங்கள் கடையில் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வந்தால்தான் நாங்கள் கடை மாறுவோம். ஐம்பது ரூபா குறைவு என்பதற்காக மட்டும் யாரும் மாறுவதில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா, காணொளியை இந்த வாரமே எடுக்கிறோம். விடுதிகள், தொடர்மாடிக் குடியிருப்புகளின் பராமரிப்புப் பிரிவினரையும் இதே வழியில் அணுகலாமா? அவர்கள் கடனுக்குக் கேட்பார்கள். கடன் வசதி உண்டு என்று விளம்பரத்திலேயே போடலாமா?

பதில்: ஹாட்வெயார் வியாபாரி, மருதானை

தம்பி, அவர்களுக்கு வழி வேறு. தொடர்மாடியின் பராமரிப்பு முகாமையாளர் விளம்பரத்தைப் பார்த்த மாத்திரத்தில் வாங்குபவர் அல்லர்; மூன்று கூறுவிலைகளைப் பெற்று, மேலிடத்தின் ஒப்புதலுக்கு அனுப்பியே வாங்குவார். அவரை லிங்க்ட்இன் தளத்தில் பதவிப் பெயரைக் கொண்டு தேடி, ஒரு சிறு அறிமுகம் எழுதி, அவருடைய கட்டடத்துக்கு ஏற்ற கூறுவிலை தர முன்வருவது பயன்தரும். அங்கு பணம் கொடுத்து விளம்பரம் செய்வது முகநூலைவிடச் செலவு கூடியது என்பதால், தொடக்கத்தில் கையால் எழுதுவதே போதும். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை தரம் பிரித்துப் பதிவுசெய்துள்ள ஒப்பந்தக்காரர்களில், சி9 போன்ற கீழ்த்தரங்களில் உள்ள சிறியவர்களிடமிருந்து தொடங்குங்கள். பெரியவர்களுக்கு ஏற்கனவே நிலையான வழங்குநர்கள் இருப்பார்கள்.

நிறுவனத்தார் முதலில் கேட்பது வற் (பெறுமதி சேர் வரி) பதிவு பற்றித்தான். 2024 சனவரி முதல் வற் 18 வீதமாக இருப்பதால், முறையான வரிச் சிட்டை தராத கடையில் வாங்க அவர்களின் கணக்குப் பிரிவு சம்மதிக்காது. நீங்கள் பதிவு பெற்றவராயின் அதை முகநூல் பக்கத்தின் மேற்பகுதியிலேயே எழுதிவிடுங்கள்.

கடன் வசதியை விளம்பரத்தில் போடவே வேண்டாம். போட்டால் புறக்கோட்டையில் வேறு எல்லாக் கடைகளிலும் கடன் நின்றவர்கள்தான் முதலில் வருவார்கள். சில மாதங்கள் காசுக்கு வாங்கியவரை நீங்களே அழைத்து, முதலில் சிறு தொகைக்கு, பின்திகதியிட்ட காசோலையின் பேரில் கொடுங்கள். அந்தப் பேச்சைக் கடைக்குள் வைத்துக் கொள்ளுங்கள்.

கேட்டவர்

சரி நானா. பக்கத்தில் வற் விபரத்தை இன்றே சேர்த்துவிடுகிறோம். விளக்குப் படங்களுக்கான விளம்பரத்தையும் நிறுத்திவிட்டோம். நாளைக் காலை முதல் வயர் விலை, தமிழிலும் சிங்களத்திலும் ஆறரைக்கே போகும்.