கடற்காலமானி வடிவக் கைக்கடிகாரம் திடீரென நாளுக்கு 4 நிமிடம் முந்துகிறது: உதவி தேவை

பட்டர்வொர்த் வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் குடியிருந்து, நாள்தோறும் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வேலைக்குப் போய்வருபவன். என்னிடம் உள்ள கைக்கடிகாரத்தைப் பற்றி இரண்டு சந்தேகங்கள் உள்ளன.

அது, பழைய கப்பல்களில் நடுக்கடலில் இடம் அறியப் பயன்பட்ட துல்லியக் கடிகாரமான காலமானியின் முகத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. வெள்ளை டயலில் ரோமன் எண்களும் நீலம் பாய்ந்த முட்களும் இருக்கின்றன. 6 மணி இடத்தில் சிறிய நொடி வட்டமும், 12 மணிக்குக் கீழே 0 முதல் 48 வரை எண்ணிட்ட இன்னொரு சிறு வட்டமும் உள்ளன. பேட்டரி கிடையாது, நாள்தோறும் கையால்தான் சாவி கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பழையதாகவே வாங்கினேன். அன்று முதல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி முந்தும். அதை நான் பொருட்படுத்தியதில்லை. ஆனால் இம்மாதத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமான ஃபெரிக்கு வந்துவிட்டேன் என்று எண்ணித் துறையில் நின்றபோது, கைபேசியின் நேரத்தைவிடக் கடிகாரம் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னே நின்றது. சரிசெய்து வைத்தேன், மறுநாளும் 4 நிமிடம் 12 நொடி முந்தியது.

இரண்டாவது சந்தேகம், அந்த மேல்வட்டத்தைப் பற்றியது. முழுச் சாவி கொடுத்தால் முள் 48-க்குப் போகாமல் 0-க்கு வருகிறது. கடிகாரம் ஓட ஓட எண் கூடுகிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் எங்கோ பிரித்துத் தலைகீழாக மாட்டிவிட்டாரோ என்று ஐயமாக இருக்கிறது. ஒரு கடையில் காட்டியதற்கு, பின்மூடியைக்கூடத் திறக்காமல் முழுச் சர்வீஸ் செய்ய 450 ரிங்கிட் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

ஆயர் ஈத்தாம் நண்பர்:

எண்ணெய் காய்ந்திருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் எந்தக் கடிகாரமும் ஐந்தாண்டுக்குமேல் சர்வீஸ் இல்லாமல் ஓடாது. அந்தப் பணத்தைக் கொடுத்துச் சர்வீஸ் செய்துவிடுங்கள்.

பழுதுபார்ப்பவர்:

முந்தையவர் சொன்னது பொதுவாகச் சரியான அறிவுரைதான். ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து ஆகாது. எண்ணெய் காய்ந்தால் உராய்வு கூடி, முன்னும் பின்னும் ஆடி நேரத்தைப் பிரிக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நேற்றுவரை பன்னிரண்டு நொடி முந்திய கடிகாரம் இன்று இருநூற்றைம்பது நொடி முந்தாது. ஒரே நாளில் நிமிடக்கணக்கில் முந்துகிறது என்றால் நான் முதலில் ஹேர்ஸ்பிரிங்கைத்தான் சந்தேகிப்பேன்.

முடி இழை போன்ற அந்தச் சுருளின் நீளமே பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு விரைவாக ஆட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சுருள் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பகுதி விரிந்து சுருங்காது. ஆகவே சுருள் நீளம் குறைந்ததைப் போல நடந்துகொள்ளும். சக்கரம் வேகமாக ஆடும். கடிகாரம் கீழே விழுந்து, ஒரு சுற்று, வேகத்தைத் திருத்தும் ரெகுலேட்டரின் ஊசிகளுக்கு இடையே தவறிச் சிக்கினாலும், சுருளில் எண்ணெய் பட்டாலும் இதே அறிகுறிதான் தெரியும். எனவே இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். கடிகாரம் அண்மையில் எங்காவது விழுந்ததா? அந்தச் செவ்வாய்க்கு முன்பு வீட்டில் புதிதாக என்ன வாங்கினீர்கள்?

பட்டர்வொர்த் வாசி:

விழவில்லை, ஐயா. வாங்கியது என்று பார்த்தால், கைபேசிக்குத் தோலால் ஆன மடிப்பு உறை ஒன்றுதான். இரவில் கட்டிலருகே கைபேசியை வைத்து, அதன்மேல் கடிகாரத்தைக் கழற்றி வைப்பது என் வழக்கம். எழுதும்போதே விடை புரிகிறது. மூடி தானாக ஒட்டிக்கொள்ளும் உறை அது.

பழுதுபார்ப்பவர்:

அதற்குள் காந்தம் இருக்கிறது. காந்தத் தாங்குதிறனுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 764 கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர் வரைதான். கைபேசி உறையின் சிறு காந்தம் ஒட்டிய நிலையில் அதைவிடப் பல மடங்கு வலுவாக இருக்கக்கூடும். தூரம் சற்றுக் கூடினாலே வலு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அதே மேசையில் ஒரு முழம் தள்ளி வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஊசி உள்ள திசைகாட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் உள்ள செயலி வேண்டாம், அதன் அருகே காந்தப்பட்ட உறை இருந்தால் அதுவும் பொய் சொல்லும். ஊசி நின்றபின், கடிகாரத்தை அதன் வடமுனைக்கு அருகே கொண்டுவந்து மெல்லச் சுழற்றுங்கள். ஊசி இழுபடுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கடிகாரத்துக்குள் இருக்கும் எஃகு காந்தம் ஏறாமலேயே ஊசியை இழுக்கும். ஏதேனும் ஒரு பக்கம் திரும்பும்போது ஊசி விலகி ஓடுகிறதா என்று பாருங்கள். விலக்குவது காந்தம் மட்டுமே.

பட்டர்வொர்த் வாசி:

மகளின் பள்ளிப் பையில் இருந்த திசைகாட்டியில் பார்த்தேன். சாவித் திருகு இருக்கும் பக்கத்தைக் காட்டியபோது ஊசி நெருங்கி வந்தது. 8 மணிப் பக்கத்தைக் காட்டியதும் ஊசி தயங்கி, பிறகு தெளிவாகவே ஒதுங்கிக்கொண்டது. நான்கு முறை செய்து பார்த்தேன். நான்கு முறையும் அப்படியே.

பழைய மாலுமி:

காந்த விஷயத்தைப் பழுதுபார்ப்பவர் பார்த்துக்கொள்வார். இரண்டாவது சந்தேகத்துக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன், ஏனெனில் அந்த வட்டத்தை நான் கப்பலில் பல ஆண்டுகள் காலைதோறும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் முள்ளை யாரும் தலைகீழாக மாட்டவில்லை. கப்பல் காலமானியின் மேல்வட்டம், மிச்சம் எவ்வளவு என்பதைக் காட்டுவதில்லை. சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைக் காட்டுகிறது. முழுச் சாவியில் 0. இரண்டு நாள் காலமானியானால் 56 வரை எண்கள் இருக்கும். எங்கள் கப்பலில் காலை 8 மணிக்குச் சாவி கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று கேப்டனிடம் சொல்ல வேண்டும். எப்போது பார்த்தாலும் முள் 24-க்குள் இருந்தால் யாரும் மறக்கவில்லை என்று பொருள். உங்கள் கடிகாரத்தைச் செய்தவர் அந்த வழக்கத்தை மாற்றாமல் வைத்திருக்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நான்கு நிமிடம் என்பது கடலில் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், 4 நிமிடம் என்பது தீர்க்கரேகையில் ஒரு பாகை. நம்மைப் போல் பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பவர்களுக்கு அது ஏறத்தாழ 60 கடல் மைல். நாள் முழுவதும் இப்படி முந்திய கடிகாரத்தை நம்பி வந்தால், கப்பல் இன்னும் மேற்கே நடுக்கடலில் இருப்பதாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பினாங்குக் கரையில் முட்டும். அதே அளவு பிந்தினால், ஜார்ஜ் டவுனில் நிற்கும் கப்பல் கிழக்கே உள்நாட்டில் உள்ள தெமெங்கோர் ஏரிப் பக்கம் நிற்பதாக விடை வரும்.

ஆயர் ஈத்தாம் நண்பர்:

எண்ணெய் என்று அவசரப்பட்டுவிட்டேன். காந்தம் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன்: கடற்காலமானி என்று பெயர் வைத்துவிட்டு, நாளுக்குப் பன்னிரண்டு நொடி முந்தினால் அதுவே குறைதானே?

பழைய மாலுமி:

முந்துவது குறை இல்லை, தம்பி. இன்று பன்னிரண்டும் நாளை மூன்றும் முந்தினால்தான் குறை. கப்பலில் காலமானியின் முட்களை நாங்கள் நாள்தோறும் திருத்துவதே இல்லை. வானொலியின் நேரச் சமிக்ஞையைக் கேட்டு, எத்தனை நொடி பிழை என்பதைப் பதிவேட்டில் எழுதுவோம். நேற்றைய பிழையைக் கழித்தால் நாள் வீதம் கிடைக்கும். வீதம் மாறாமல் இருந்தால் பிழை எவ்வளவு வளர்ந்தாலும் கணக்கில் கழித்துவிடலாம்.

ஆங்கிலக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசனின் நான்காம் காலமானி 1761-ல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டு, 81 நாளில் சுமார் 5 நொடிதான் தவறியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த 5 நொடி, அதன் நாள் வீதத்தைக் கழித்த பிறகு நின்ற கணக்கு. அந்த வீதத்தை முன்கூட்டியே அறிவித்து ஒப்புக்கொள்ளவில்லை என்பதே பிரிட்டிஷ் அதிகாரிகள், கடலில் தீர்க்கரேகை அறியும் வழிக்கு அறிவித்திருந்த பரிசைத் தராமல் இழுத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 1764-ல் பார்படோஸுக்குப் போன இரண்டாம் சோதனையில் அவர் வீதத்தை முதலிலேயே அறிவித்தார். 47 நாளில் 39 நொடி வந்தது. இன்றைய சுவிஸ் காலமானிச் சான்றிதழில்கூடச் சராசரி நாள் வீதம் −4 முதல் +6 நொடி வரை இருக்கலாம்.

பட்டர்வொர்த் வாசி:

சனிக்கிழமை, பெரியவர்கள் கிட்டங்கித் தெரு என்று சொல்லும் பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு சிறு கடைக்குப் போனேன். காந்தம் நீக்கும் கருவி சோப்புக் கட்டி அளவுதான் இருந்தது. கடிகாரத்தை அதன்மேல் வைத்துப் பொத்தானை அழுத்தியபடியே, அவர் கையை மிக மெதுவாக ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி, அதன் பிறகே பொத்தானை விட்டார். அவசரப்பட்டு முன்பே விட்டால் புதிதாகக் காந்தம் ஏறிவிடுமாம். பத்து ரிங்கிட்தான் வாங்கினார்.

பிறகு, டிக் ஒலியைக் கேட்டு வீதத்தை அளக்கும் டைம்கிராஃபரில் வைத்துப் பார்த்தோம். காந்தம் நீக்குமுன் புள்ளிகள் திரையில் செங்குத்தாகச் சிதறி ஓடின. நீக்கியபின் இரண்டு நேர்கோடுகள். டயல் மேல்நோக்கி இருந்தபோது +9 நொடி, வீச்சு 276 பாகை, கீழ்நோக்கி +11, சாவித் திருகு கீழ்நோக்கி நிற்கும்போது மட்டும் −5. ஒரே கடிகாரம் நிலைக்கு ஒரு வீதம் காட்டுவது ஏன்?

பழுதுபார்ப்பவர்:

276 என்றால் எண்ணெய் நன்றாகவே இருக்கிறது. சர்வீஸை இப்போதைக்குத் தள்ளிப் போடலாம். நிலை மாறினால் வீதம் மாறுவது கைக்கடிகாரத்தின் இயல்பு. படுத்திருக்கும்போது பேலன்ஸ் அச்சு தன் நுனியில் சுழல்கிறது. நிற்கும்போது அச்சின் பக்கவாட்டு உரசுகிறது. சக்கரத்தின் எடையில் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வு இருந்தாலும் அப்போது வெளிப்படும். கப்பல் காலமானி இந்தச் சிக்கலிலிருந்து தப்பியதற்குக் காரணம், பெட்டிக்குள் பித்தளை வளையங்களில் தொங்கி, கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் டயல் வானத்தைப் பார்த்தே இருந்ததுதான். உங்களிடம் இருப்பது அதன் முகம் மட்டும். உள்ளே ஓடுவது, வில்லின் விசையைப் பேலன்ஸ் சக்கரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் சாதாரண லீவர் எஸ்கேப்மெண்ட். கப்பல் காலமானியின் டிடெண்ட் அமைப்பைக் கையில் கட்டினால், ஒரு குலுக்கலுக்கே தடம் தவறும்.

ஆனால் இந்த வேறுபாட்டை உங்களுக்குச் சாதகமாக்கலாம். பகலில் கையில் முந்துவதை, இரவில் சாவித் திருகு கீழே இருக்கும்படி நிறுத்திவைத்துக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அதற்காக ரெகுலேட்டரைத் தொட வேண்டாம். சாவியை நாள்தோறும் ஒரே நேரத்தில் கொடுங்கள். வில் தளரத் தளர வீச்சு குறைந்து வீதமும் நகரும். பெட்டிக் காலமானியில் அதைச் சமன்செய்யக் கூம்பும் சங்கிலியும் இருந்தன, உங்களிடம் இல்லை.

பட்டர்வொர்த் வாசி:

ஒன்பது நாள் பதிவு எழுதிப் பார்த்தேன். காலை 8 மணிக்குச் சாவி, முட்களைத் தொடவில்லை, இரவில் மர அலமாரியில், இரண்டு புத்தகங்களுக்கு இடையே, சாவித் திருகு கீழ்நோக்கி. முதல் மூன்று நாள் முறையே +3, +2, +3. பிறகு ஞாயிறன்று வீட்டிலேயே கழற்றி வைத்திருந்ததால் +5. ஒன்பதாம் நாள் காலையில் மொத்தப் பிழை +24 நொடி. மேல்வட்டத்து முள் எப்போதும் 24-க்குக் கீழேயே இருந்தது.

உறையைக் குப்பையில் போட மனமில்லை. கைபேசி இப்போது வரவேற்பறையில் தூங்குகிறது.