5 வோல்ட்டிலிருந்து 48 வோல்ட்: ஃபாண்டம் பவர் போர்டு கட்டிய அனுபவங்கள்

பல கண்டென்சர் மைக்குகளுக்கு மைக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் அனுப்ப வேண்டும், அதுதான் ஃபாண்டம் பவர். யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ட்டிலேயே அப்படி ஒரு மைக் ஓட வேண்டும், போர்டு தீப்பெட்டிக்குள் அடங்க வேண்டும். இதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை.

மின்சக்தி பெரிய விஷயமே இல்லை. ஐ.இ.சி. 61938 தரநிலைப்படி ஒரு மைக்குக்கு அதிகபட்சம் 10 மில்லியாம்பியர். 48 வோல்ட்டில் கணக்குப் போட்டால் அரை வாட்கூட வராது. சிக்கல் ஏற்ற விகிதத்தில் இருக்கிறது. மின்னழுத்தத்தை ஏற்றும் சாதாரண பூஸ்ட் சர்க்யூட்டில் 5-ஐ 48 ஆக்க, ஸ்விட்ச் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 90 சதவீத நேரம் ஆன் ஆகியே இருக்க வேண்டும். பல சிப்புகள் அவ்வளவு தூரம் போகாது. அவை தாங்கும் மின்னழுத்தமும் போதாது: எம்.சி.34063 சிப்பின் உள் ஸ்விட்ச் 40 வோல்ட்தான், எம்.டி.3608 சிப்பின் வெளியீடு 28 வோல்ட்டோடு சரி.

அதனால் பூஸ்ட்டைப் பாதியில் நிறுத்தினேன். ஸ்விட்ச் முனையில் 25 வோல்ட் வரை ஏற்றி, அங்கிருந்தே டயோடு, கெப்பாசிட்டர் கொண்ட இரட்டிப்பான் ஒன்றைத் தொங்கவிட்டேன். ஸ்விட்ச் பார்ப்பது பாதி அழுத்தம், ஆன் ஆகியிருக்கும் நேரமும் 80 சதவீதம்தான். சிப் அழுத்தத்தைச் சரிபார்க்கும் ஃபீட்பேக்கை மட்டும் கடைசி வெளியீட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

அழுத்தம் வந்துவிட்டது. மைக்கைச் செருகினால் ஹெட்போனில் மெல்லிய ‘கீ’ ஒலி! சிப் ஓடுவதோ 1 மெகாஹெர்ட்ஸ், அது காதில் விழவே கூடாது. ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் துடிப்புகள் கொத்துக் கொத்தாக வந்தன, நடுவில் இடைவெளி. மைக் இழுப்பது சில மில்லியாம்பியர்தான் என்பதால் சிப் துடிப்புகளைத் தாண்டித் தாண்டி ஓடுகிறது. அந்தக் கொத்துகள் திரும்பி வரும் வேகம்தான் காதில் விழுந்தது. லோடு குறைந்தாலும் அதிர்வெண்ணை மாற்றாத சிப்பைப் போட்டதும் ஒலி நின்றது. டேட்டா ஷீட்டில் நான் இப்போது முதலில் தேடுவது இதைத்தான்.

பிறகு வெளியீட்டில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை (ரிப்பிள்) குறைக்க 100 ஓம், 100 மைக்ரோஃபாரட் வடிகட்டி, இரண்டு கட்டமாக. முழு லோடில் இரண்டும் சேர்ந்து 2 வோல்ட் விழுங்கும், ஆகவே வெளியீட்டை 50-இல் வைத்தேன். தரநிலை 44 முதல் 52 வரை அனுமதிக்கிறது.

*

அந்த வடிகட்டியில் செராமிக் கெப்பாசிட்டர் வேண்டாம். எக்ஸ்7ஆர் என்ற செராமிக் ரகத்தில் 50 வோல்ட் கெப்பாசிட்டருக்கு 48 வோல்ட் கொடுத்தால், எழுதியிருக்கும் மதிப்பில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். போதாததற்கு அது அதிர்வையும் மின்னழுத்தமாக மாற்றும். என் போர்டை பேனா முனையால் லேசாகத் தட்டினேன், ஹெட்போனில் ‘டொக்’ என்று கேட்டது. கடைசிக் கட்டத்தில் 63 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் போட்ட பிறகு தட்டினாலும் சத்தமில்லை. ஸ்விட்ச் பக்கத்தில் செராமிக் தேவைதான், ஆனால் 100 வோல்ட் ரகம் வாங்குங்கள்.

*

மிச்சமிருக்கும் ரிப்பிளை அடக்குவது, 48 வோல்ட்டை மைக் கேபிளின் இரண்டு சிக்னல் கம்பிகளுக்கும் கொண்டுபோகும் இரண்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். அந்தக் கம்பிகள் சேரும் மைக் கனெக்டரின் பின் 2, பின் 3 இரண்டிலும் ரிப்பிள் சமமாக ஏறினால், மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து அதை நீக்கிவிடும். இரண்டு ரெசிஸ்டர்களுக்கும் வித்தியாசம் 0.4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சதவீத ரெசிஸ்டர் கட்டு ஒன்றிலிருந்து மல்டிமீட்டரால் அளந்து ஜோடி சேர்த்தாலே போதும்.

48 எங்கிருந்து வந்தது என்பதும் சுவையானது. 1966-இல் நியூமன் நிறுவனம் நார்வே வானொலிக்காக கே.எம்.84 மைக்கைச் செய்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்கு 48 வோல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

சரி, போர்டை மூடுமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பின் 2, 3 இரண்டையும் சர்க்யூட்டின் கிரவுண்டோடு இணையுங்கள். 14 மில்லியாம்பியர் ஓடும், ஒவ்வொரு ரெசிஸ்டரும் மூன்றில் ஒரு வாட் சூடாகும். கால் வாட் ரெசிஸ்டர் போட்டிருந்தால் அரை வாட்டுக்கு மாற்றிவிடுங்கள், பழுதான கேபிள் ஒன்று இதையே மணிக்கணக்கில் செய்யும்.