பொருள்: ‘ஆட்டோபொயசிஸ்’ – தன்னாக்கமா, தன்னியற்றலா?

வணக்கம்.

நம் உயிரியல் கலைச்சொல் பட்டியலில் ‘ஆட்டோபொயசிஸ்’ இன்னும் தமிழ் பெறாமல் நிற்கிறது. சிலி நாட்டு உயிரியலாளர்கள் மதுரானாவும் வரேலாவும் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்த கருத்து இது. தான் எவற்றால் ஆனதோ அவற்றைத் தானே ஓயாமல் ஆக்கிக்கொண்டிருப்பது உயிர் என்றார்கள். செல்லின் நொதிகள் சவ்வுக்கான கொழுப்பு மூலக்கூறுகளைக் கட்டுகின்றன. சவ்வு இருப்பதால்தான் அந்த நொதிகள் சிதறாமல் வேலை செய்கின்றன. கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவருவதோ கார்தான், இன்னொரு தொழிற்சாலையல்ல.

‘தன்னாக்கம்’ என்று முன்மொழிகிறேன். 1984இல் ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் இக்கருத்தைச் சமூக அமைப்புகளுக்கும் விரித்துவிட்டார் என்பதால், நிறுவனங்களுக்கும் இச்சொல்லே ஆகும்.

*

> தன்னாக்கம்

மொழியாக்கம், மின்னாக்கம் என்று பழகிய காதுக்கு ‘ஆக்கம்’ முடிந்த வேலையாகப் படும். இங்கே வேண்டியது ஓயாத வினை. ‘தன்னியற்றல்’ எனலாம். செய்யுளும் இயற்றுகிறோம், சட்டமும் இயற்றுகிறோம். ‘இயற்றலும் ஈட்டலும் காத்தலும்’ என்று வள்ளுவர் அரசுக்கே சொல்லியிருக்கிறார் (குறள் 385). எதிர்ச்சொல் ‘பிறிதியற்றல்’, கார் தொழிற்சாலை அந்த வகை.

> நிறுவனங்களுக்கும் இச்சொல்லே ஆகும்

இதை ஏற்கத் தயக்கம். லூமன் கணக்கில் ஆட்கள் நிறுவனத்தின் பாகமல்லர், சூழல். பாகம் என்பது முடிவுகள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இது நன்றாகவே தெரியும். நிர்வாகக் குழு புது உறுப்பினரைச் சேர்க்கிறது, பேரவையைக் கூட்டுகிறது. உறுப்பினர்கள் அடுத்த குழுவைத் தேர்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொரு தீர்மானமும் முந்தைய தீர்மானத்தின் மேல்தான் நிற்கிறது. குறைவெண் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இல்லாமல் எடுத்த தீர்மானம் செல்லாது. அதை நம்பி எடுத்த அடுத்ததும் ஆட்டம் காணும்.

இதுவரை செல்போலத்தான். ஆனால் குழுவின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்து, தேர்தலும் நடக்கவில்லை என்று வையுங்கள். அரசு தனி அலுவலரை நியமிக்கிறது. உறுப்பினர் பதிவேடு, கட்டடம், கடன் பாக்கி எல்லாம் அப்படியே இருக்க, அறுந்த இடத்தை வெளியாள் ஒருவர் ஒட்டுப்போடுகிறார். சில ஆண்டு கழித்து நடக்கும் தேர்தலிலிருந்து சங்கம் மறுபடி ஓடும். சவ்வு கிழிந்து உள்ளிருந்தது கரைந்துபோன செல்லுக்கு இப்படியொரு தனி அலுவலர் கிடையாது. நிறுவனத்தை உயிரி என்பவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

வரேலாவே 1979இல் சமூக அமைப்புகளுக்கு ‘ஆர்கனைசேஷனல் க்ளோஷர்’ (வினைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து தொடங்கிய இடத்துக்கே திரும்புவது) போதும் என்று பிரித்துவைத்தார். அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

*

‘தன்னியற்றல்’ சரி. ‘தன்னியக்கம்’ (ஆட்டோமேஷன்) பக்கத்திலேயே இருப்பதால் பேச்சில் குழம்பும். இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் மெய்ப்புத் திருத்துபவர் பாடு திண்டாட்டம்தான்.

‘ஆர்கனைசேஷனல் க்ளோஷர்’ இணையத்தில் ஓரிடத்தில் ‘அமைப்பு மூடல்’ என்று கிடக்கிறது. வாசிப்பவர் நிறுவனத்தை இழுத்துமூடிவிட்டார்கள் என்றே நினைப்பார். ‘வினைவளையம்’ என்று போடுவோம். வினையிலிருந்து வினை, சுற்றி வந்து தொடங்கிய இடம். ஊழ்வினை நினைவு வந்தால் வரட்டும்.

வரையறையில் ஒரு திருத்தம்: ‘உயிருள்ள செல் ஒவ்வொன்றும் தன்னியற்றுவது’ என்று எழுதவேண்டாம். மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, ரைபோசோமும் இல்லை. புதுப் புரதம் கட்ட வழியில்லாமல், இருப்பதை வைத்தே ஏறத்தாழ 120 நாள் ஓட்டுகிறது. ‘உயிரி’ என்று போட்டால் சிக்கல் இல்லை.

பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாக ஏற்றுகிறேன்: தன்னியற்றல் உயிரியலில், வினைவளையம் சமூகவியலில். பெயரடைக்கு ‘தன்னியற்று’ போதுமா, ‘தன்னியற்றும்’ வேண்டுமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.