ஆயா பேச்சைப் பதிந்தால் எதிரொலி, பழைய வேர்டு ஃபைலைத் திறந்தால் குப்பை: உதவி வேண்டும்

கட்டுக்கால், காசிமேடு

எல்லோருக்கும் வணக்கம். வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் ரெண்டு மாசம் வீட்டோடுதான். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளுக்குப் பேப்பர் வேலை பார்த்துக்கொண்டு நாள் பூரா அலைகிறவன் நான். டிவி பார்த்து அலுத்துவிட்டது. சும்மா படுத்திருக்கிற நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று ரெண்டு வேலையைத் தொட்டேன். ரெண்டும் நகரவில்லை.

எங்க ஆயா (பாட்டி) காசிமேட்டில் ரொம்ப வருஷம் மீன் விற்றவர். ஏலத்தில் யார் எப்படி விலையை ஏற்றுவார்கள், எந்தக் காற்று அடித்தால் என்ன மீன் வரும், கூறு கட்டும்போது எந்த மீனை மேலே வைப்பது என்று பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அதைப் பதிந்து யூடியூபில் தொடராகப் போட ஆசை. பதிந்து கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது. கூடவே தெரு ஹார்ன், மோட்டார் சத்தம், பக்கத்து வீட்டு சீரியல்.

இன்னொன்று, காலேஜ் நாளில் எழுதின சிறுகதைகள். அப்போது ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்து வாங்கின வேர்டு ஃபைல். இப்போது திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாக இருக்கிறது. கதைகள் போனது போனதுதானா?

சாதாரண ஆண்ட்ராய்டு போனும் அண்ணனின் பழைய லேப்டாப்பும் (விண்டோஸ் 10) இருக்கின்றன. காசு செலவு செய்கிற நிலைமை இல்லை.

வியாசை ஃபுட்பால்

தல, முதலில் ஒரு நல்ல யூஎஸ்பி மைக் வாங்குங்க. போன் மைக்கில் பதிந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். லைட், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து செட்டாகவே கிடைக்கிறது.

மைக்செட் அண்ணன், தண்டையார்பேட்டை

தம்பி வியாசை, காசு இல்லை என்று அவர் எழுதியிருப்பதைப் படிக்கவில்லையா? இந்த அறையில் எந்த மைக்கைக் கொண்டுவந்து வைத்தாலும் எதிரொலி அப்படியேதான் இருக்கும்.

கட்டுக்கால், நாலு கேள்வி. எந்த அறையில் பதிகிறீர்கள்? தரை என்ன? போன் ஆயாவிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? எந்த ஆப்பில் பதிகிறீர்கள்?

கட்டுக்கால்

ஹாலில்தான். மொசைக் தரை, சுவரில் பாதி உயரத்துக்கு டைல்ஸ். ஆயா கட்டிலில், போன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில். வாட்ஸ்அப்பில் எனக்கே வாய்ஸ் மெசேஜாக அனுப்பிக்கொள்கிறேன், அதுதான் சுலபமாக இருக்கிறது.

மைக்செட் அண்ணன், தண்டையார்பேட்டை

நினைத்தேன். உங்களுக்குப் பெரிய தொல்லை தெருச் சத்தம் இல்லை, அறைதான். ஆயாவின் குரல் டைல்ஸிலும் மொசைக்கிலும் மோதித் திரும்பி, நேராக வருகிற குரலோடு கலக்கிறது. பதிந்த பிறகு இதைச் சுத்தமாக எடுப்பது ரொம்பக் கஷ்டம். ஃபேன் சத்தம், ஏசி சத்தம் மாதிரி ஒரே சீராக ஓடுவதையாவது பின்னால் குறைக்கலாம். எதிரொலி என்பது குரலேதான், அதை எப்படிப் பிரிப்பீர்கள்?

போனை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். வாய்க்கு நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் ப வருகிற இடமெல்லாம் காற்று மோதி டப் டப் என்று கேட்கும். கிட்டே வந்தாலே குரல் பெரிசாகும், தெரு தானாகச் சின்னதாகும். போன் தூரத்தில் இருந்தால், பேச்சு நிற்கும்போதெல்லாம் அதுவே உள்ளே சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். உங்கள் பதிவில் ஆயா மூச்சு வாங்குகிற இடைவெளியில் ஹார்ன் திடீரென்று பெரிசாகக் கேட்குமே, அது இதனால்தான்.

இடத்தை மாற்றுங்கள். ஹால் வேண்டாம். துணி அடுக்கின பீரோ உள்ள அறை இருந்தால் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் ஆயாவை உட்கார வையுங்கள். கட்டிலில் மெத்தை, பின்னால் கொடியில் ரெண்டு போர்வை. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் துணி கட்டினதும் ஸ்பீக்கர் சத்தம் அடங்குவதை எத்தனையோ தரம் பார்த்தவன் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். அது குரலை ரொம்பச் சுருக்கிவிடும். போனிலேயே இருக்கிற ரெக்கார்டரைத் திறந்து, தரம் என்று இருக்கிற இடத்தில் உயர்ந்ததை வைக்கவும். வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்) கிடைத்தால் வேவ். மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி, ஒரு மணி நேரம் 300 எம்பிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். லேப்டாப்புக்குக் கேபிளில் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்பவேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இன்னொன்று, இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, ஐஸ் வண்டி, மீன்பாடி வண்டி நடமாட்டம் குறைச்சல். முக்கியமானதை எல்லாம் அதற்குள் பதிந்துவிடுங்கள். 15-ஆம் தேதிக்கு மேல் உங்கள் தெரு எந்நேரத்துக்கு விழிக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பழைய டிடிபி அக்கா, கொருக்குப்பேட்டை

உங்கள் கதைகள் எங்கேயும் போகவில்லை தம்பி, ஃபைலுக்குள்தான் இருக்கின்றன. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறை பரவுவதற்கு முன்னால் டிடிபி கடைகளில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்தைத்தான், அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். அந்த எழுத்துரு உங்கள் லேப்டாப்பில் இல்லாததால் போர்வை விலகிவிட்டது.

ஃபைலைத் திறந்து குப்பையை நன்றாகப் பாருங்கள். சாதாரண ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி (;) கணக்கில்லாமல் இருக்கிறதா? அப்படியானால் அநேகமாகப் பாமினி என்கிற எழுத்துரு. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையைத்தான் தட்டுவோம். தலைமேல் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் டிஸ்கி, டேப் என்கிற வேறு பழைய முறைகளில் ஒன்றாக இருக்கலாம். வேர்டில் வரியைத் தேர்ந்தெடுத்தால் மேலே எழுத்துருப் பெட்டியில் பெயர் நிற்கும், எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ரயில் பித்து

இடையில் ஒரு யோசனை. ஆயா கதை எல்லோரும் போடுகிறார்கள். ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றிச் செய்யுங்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பின இடம், உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பக்கம்! நேரில் போய் நாலு ஷாட் எடுத்தால் வீடியோ பிய்த்துக்கொண்டு போகும்.

மைக்செட் அண்ணன், தண்டையார்பேட்டை

காலை ஊன்றக் கூடாது என்கிற ஆளை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறீர்களே ஐயா. நீங்களே போய் எடுங்கள், நான் பார்க்கிறேன்.

கட்டுக்கால்

அக்கா, பாமினியேதான்! பெட்டியில் பெயர் இருந்தது, அரைப்புள்ளியும் கொட்டிக்கிடக்கிறது. அடுத்து என்ன செய்ய?

அண்ணா, பீரோ முன்னால் ஆயாவை உட்கார வைத்தேன். குரல் நன்றாக வந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. போனைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் மேடையேறின பிள்ளைபோல ஒரே அடக்கம். "சொல்றதுக்கு என்ன கீது" என்று எழுந்து போய்விட்டார்.

பழைய டிடிபி அக்கா, கொருக்குப்பேட்டை

முதலில் ஃபைலை இன்னொரு பெயரில் நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் என்எச்எம் கன்வர்ட்டரோ பொங்குதமிழ் மாற்றியோ எடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு என்று தேர்ந்து, ஒவ்வொரு கதையாக ஒட்டி மாற்றுங்கள். மாறி வந்ததும் அப்படியே வெளியிட்டுவிடாதீர்கள். கதையில் நடுநடுவே ஆங்கிலச் சொல் இருந்திருந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றி வைத்திருக்கும், அர்த்தமில்லாத சொல்லாக நிற்கும். ஔகாரம் வருகிற இடங்களில் கொம்பும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடினால் கிடைக்காது. "மௌனம்" என்று தேடிப் பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

ஆயா விஷயத்தில், கேள்வி கேட்கிற மாதிரி எதிரே உட்காராதீர்கள். அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். மீன் ஆய்கிற நேரத்தில் பேசாத மீன்காரம்மாவை நான் பார்த்ததில்லை.

மைக்செட் அண்ணன், தண்டையார்பேட்டை

அக்கா சொல்வது சரி. போனைத் துணிக்கு மேல் வையுங்கள், தரையில் நேராக வைத்தால் தட்டுகிற அதிர்வெல்லாம் ஏறும். ஏரோபிளேன் மோடில் போடவும். பேச்சு ஆரம்பிக்கும் முன் பத்து விநாடி யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போட்டு, அந்தப் பத்து விநாடியைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் அதை மாதிரியாகக் கொடுத்தால் ஃபேன் இரைச்சலைக் குறைக்கும். குறைக்கிற அளவை 6 டெசிபலிலிருந்து ஆரம்பியுங்கள். பேராசைப்பட்டுக் கூட்டினால் ஆயா மெஷின் குரலில் பேசுவார்.

கட்டுக்கால்

பலித்தது! அடுப்படி வாசலில் ஆயா நெத்திலி ஆய, நான் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில். போன் மடித்த துண்டின்மேல், ஆயா முழங்காலுக்குப் பக்கத்தில். தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, தடைக்காலத்தில் கருவாட்டை வைத்துக் குடும்பம் நடத்தின கதையைத் தானாகவே ஆரம்பித்துவிட்டார். வெயில் போதாமல் மழை பிடித்துக்கொண்ட ஒரு வருஷம் மொத்தக் கருவாடும் வீணானதைச் சொல்லும்போது கை மட்டும் நிற்கவில்லை. கிள்ளுகிற சத்தமும் கூடவே கேட்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது, எடுக்கப் போவதில்லை. பக்கத்து வீட்டு சீரியல் பாட்டுதான் நடுவில் லேசாகக் கேட்கிறது, பரவாயில்லையா?

வியாசை ஃபுட்பால்

தல, அதை விடாதீங்க. எங்க பசங்க மேட்ச் வீடியோவில் டீக்கடை பாட்டு தூரத்தில் கேட்டதற்கே யூடியூபில் காப்பிரைட் கிளெய்ம் வந்தது. அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். அப்புறம் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்றணும் என்றால் போன் நம்பரைக் கொடுத்து கணக்கை உறுதி செய்யவேண்டும். (மைக் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

பழைய டிடிபி அக்கா, கொருக்குப்பேட்டை

ஏற்றுவதற்கு முன் ஆயாவுக்கு முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். கடன் வாங்கின வீடு, சண்டை போட்ட ஆள் பெயரெல்லாம் பேச்சுவாக்கில் வந்திருக்கும். அந்தத் தெருவிலேயேதான் அவர் நாளைக்கும் இருக்கவேண்டும். எதை எடுப்பது என்று அவரே சொல்லட்டும்.

மீன் பெயர், காற்றுப் பெயர் மட்டும் தனித்தனியாகச் சொல்லவைத்துப் பதிந்தால் விக்கிமீடியா காமன்ஸ் என்கிற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றலாம், தமிழ் விக்சனரி என்கிற இணைய அகராதிக்கு உச்சரிப்பாகப் பயன்படும். ஆனால் கட்டற்ற உரிமத்தில் ஒருதரம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்குக்கூட, எடுத்துக்கொள்ளலாம். திரும்ப வாங்க முடியாது. அதையும் ஆயாவிடம் விளக்கிக் கேளுங்கள்.

கட்டுக்கால்

போட்டுக் காட்டினேன். ரெண்டு பெயரையும் ஒரு வசவையும் எடுக்கச் சொன்னார். வசவு எனக்கு வருத்தம்தான். மீன் பெயர் சொல்லச் சம்மதம், "சங்கராவில இருந்து ஆரம்பி" என்று உத்தரவு.

கடைசியாக ஒன்று. பதிந்ததை எழுத்தாகவும் போட ஆசை. போனில் பேசினால் தட்டச்சாகுமே, அதில் ஆயா பதிவைப் போட்டால் என்னென்னவோ எழுதுகிறது.

பழைய டிடிபி அக்கா, கொருக்குப்பேட்டை

நம்ம பக்கத்துப் பேச்சு அதற்குப் பிடிபடாது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆயா சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் நீங்கள் நிதானமாக உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். போன் அதைத் தட்டச்சு செய்யும். அது திருத்தித் தொலைத்த சொற்களை மட்டும் பதிவைக் கேட்டுக் கையால் ஆயா பேச்சுக்கு மாற்றவேண்டும். படுத்துக்கொண்டே செய்கிற வேலைதான், பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பாமினி கதைகளில் ஒன்றை மாற்றி முடித்ததும் இங்கே ஒட்டுங்கள், பிழை பார்த்துத் தருகிறேன்.