கதவைத் தட்டி வந்து பொருத்திய வோட்டர் ஹீட்டருக்குக் காசு கட்ட வேண்டுமா? (கனடா, ஒன்டாரியோ)

சுதா_ஸ்கார்பரோ:
போன கிழமை நாங்கள் வேலைக்குப் போன நேரம் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பெடியன்கள் வந்து, "அரசாங்கச் செக்கிங், பழைய ஹீட்டரைப் பார்க்க வேணும்" என்று மாமியிடம் சொல்லி பேஸ்மென்டுக்குள் இறங்கியிருக்கிறார்கள். காஸ் பில்லை வாங்கிப் படம் எடுத்து, டாப்லெட்டில் விரலால் கையெழுத்தும் எடுத்தாயிற்று. மறுநாளே புது டாங்க். பத்து வருட வாடகையாம். வீடு மாமியின் பெயரில். கட்டத்தான் வேண்டுமா?

ராசன்:
கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் தங்கச்சி. சுடுதண்ணி வருகிறது, காசு மட்டும் தரமாட்டோம் என்றால் எப்படி? வருகிறவர்களும் படிக்க வந்த பிள்ளைகள், கமிஷனுக்கு ஓடுகிறார்கள். முந்தி ஹைட்ரோ, அதுதான் மின்சார ஒப்பந்தம் போட்ட காலத்திலும் இப்படித்தான் எல்லாரும் புலம்பினோம், "ஐந்து வருடம் விலை ஏறாது" என்றார்கள், ஏறவில்லைதானே.

நிலா:
ஹைட்ரோ கதையை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன் அண்ணை. ஏறாது என்றது மின்சாரத்தின் விலை மட்டும். குளோபல் அட்ஜஸ்ட்மென்ட் என்று மின் உற்பத்திச் செலவை ஈடுகட்ட ஒரு கட்டணம் இருக்கிறது, அரசு நிர்ணயித்த விலையில் இருப்பவர்களுக்கு அது உள்ளேயே அடங்கிவிடும், ஒப்பந்தம் போட்டவர்களுக்கோ பில்லில் தனியாக மேலே ஏறும். வாசலில் நின்று விற்றவன் அதை வாயே திறக்கவில்லை. கடைசியில் 2017 ஜனவரியோடு மின்சார, காஸ் ஒப்பந்தங்களை வீடு வீடாக விற்க ஒன்டாரியோ தடை போட்டது. 2018 மார்ச் 1 முதல் வோட்டர் ஹீட்டர், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், ஏசி, தண்ணீர் ஃபில்டருக்கும் அதே கதிதான். சுதா, நீங்களாகக் கூப்பிடாமல் வந்து போட்ட ஒப்பந்தம் செல்லாது. டாங்க் உங்களிடமே இருக்கலாம், காசு கட்டத் தேவையில்லை. அதை எழுத்தில் அனுப்புங்கள், வங்கியில் காசு இழுப்பதையும் நிறுத்துங்கள்.

ராசன்:
சட்டம் பேச நல்லாத்தான் இருக்கும். "வாடிக்கையாளர்தான் கூப்பிட்டார்" என்று எங்கேயாவது ஒரு டிக் போட வைத்திருப்பான். பிறகு வீட்டு உறுதியில் நோசி (NOSI), அதாவது வீட்டில் பூட்டிய பொருளில் தனக்கு உரிமை இருக்கிறது என்ற அறிவித்தல், பதிவான், விற்கப் போகும் நேரம்தான் உங்களுக்கே தெரியும், ஆயிரக்கணக்கில் கேட்பான். பேசிக் குறைத்துக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

நிலா:
அந்தப் பூச்சாண்டி பழசு. 2024 ஜூனில் வந்த சட்டம் இப்படியான வீட்டுப் பொருட்களுக்கு நோசி பதிவதையே நிறுத்தி, ஏற்கெனவே இருந்தவற்றையும் காலாவதியாக்கிவிட்டது. பாவம் பிள்ளைகள் என்கிறீர்கள், சரி, கமிஷனுக்கு அலைவது பாவம்தான். கிழவியிடம் "அரசாங்க ஆள்" என்று பொய் சொன்னதுமா பாவம்?

சுதா_ஸ்கார்பரோ:
ராசன் அண்ணை சொன்ன மாதிரியே டிக் இருக்கிறது! பக்கத்தில் ஒரு ஃபோன் நம்பரும் போட்டிருக்கிறார்கள், அது எங்கள் வீட்டில் ஒருவருடையதும் இல்லை.

நிலா:
அது உங்களுக்குத்தான் நல்லது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, மாகாண நுகர்வோர் பாதுகாப்புக்கு அனுப்பும் முறைப்பாட்டோடு சேர்த்து அனுப்புங்கள்.

ராசன்:
அனுப்புங்கள், நான் மறிக்கவில்லை. கம்பெனியின் பெயரை எழுதுங்கள், பெடியன்களின் பெயரை இதற்குள் இழுக்காதேங்கோ.